வட்டி அண்ணாச்சிக்கு வீடு வந்த கதை

வீட்டுக்கடன் வாங்கப் போனவர்களை வட்டி அண்ணாச்சி அளவுக்குப் பயமுறுத்திய மனிதர் ராஜபாளையத்தில் இதுவரை பிறக்கவில்லை. இனியும் பிறக்க வாய்ப்பில்லை.

அவரும் நானும் ஒரே மில் ஆபீஸ். பெயரைக் கேட்டு ஏமாந்து, அங்கே புதிதாகச் சேர்ந்த ஒருவர் அவரிடம் ஐயாயிரம் கைமாற்றுக் கேட்டுவிட்டார். டீக்கு அடுத்தவர் காசு கொடுக்கட்டும் என்று காத்திருக்கும் மனிதரிடம்! அவர் யாருக்கும் வட்டிக்கு விட்டதில்லை. வட்டியைக் கணக்குப் போடுவதோடு சரி. வீட்டுக்கடன் என்று யாராவது வாயெடுத்தால் செல்போனைத் தட்டி, கடைசித் தவணை வரை போகும் மொத்த வட்டியைச் சொல்லிவிடுவார். கேட்டவருக்கு அன்று மதியச் சோறு இறங்காது.

தளவாய்புரத்தில் ஒரு புதுவீட்டுப் பால்காய்ச்சு. பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே வீட்டுக்காரரிடம், "ஹாலும் அடுப்படியும்தான் ஒமக்கு. மிச்சம் பூரா வட்டி" என்றார். வீட்டுக்காரர் வடையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

அடுத்து நான் மாட்டினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு கட்ட இருபது லட்சம், ஒன்பது சதவீத வட்டி. இருபது வருஷமென்றால் மாதம் பதினெட்டாயிரம். "இருபத்தஞ்சு வருஷம் போட்டா ஆயிரத்து எரநூறு கொறையுது அண்ணாச்சி" என்றேன் பெருமையாக.

"அட கூறுகெட்டவனே! அந்த ஆயிரத்து எரநூறுக்காக ஏழு லட்சம் வட்டி கூடக் கட்டப் போறியாலே?"

அதோடு விடவில்லை. வங்கிக்கும் கூடவே வந்து, வரிசையில் நின்றவர்களிடமெல்லாம், "வருஷத்த நீட்டாதீக, ஏமாந்துறாதீக!" என்று கூவினார். மேலாளர் கைகூப்பி அவரை வாசலில் உட்காரவைத்தார். ஆனாலும் அவர் சொன்னபடி நான் இருபது வருஷத்துக்குத்தான் போட்டேன்.

இத்தனை பேசியவர் குடியிருந்தது வாடகை வீட்டில். ஒவ்வொரு முறை வீடு கட்ட நினைக்கும்போதும் மொத்த வட்டியைப் போட்டுப் பார்த்து, அவரே பயந்துபோவார். அவர் மனைவி, எங்களுக்கு மதினி, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர் ஒருநாள் என்னிடம், "தம்பி, அவிய கணக்குப் போட்டு முடிக்கட்டும். அதுக்குள்ள நான் வீட்டக் கட்டி முடிச்சிருதேன்" என்றார்.

சொன்னபடி தன் சம்பளத்தைக் காட்டிக் கடனுக்கு எழுதிக்கொடுத்தார். கணவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று வங்கியில் கூப்பிட்டபோதுதான் அண்ணாச்சிக்கே விஷயம் தெரியும். அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். காலையில் எழுந்தார், இருபது வருஷத்தைப் பதினைந்தாகக் குறைக்கச் சொன்னார், கையெழுத்துப் போட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில், பக்கத்திலேயே இருக்கும் திருவண்ணாமலைக் குன்றுக் கோயிலுக்குப் போகிற வழியில் வீடு எழும்பியது. பால்காய்ச்சுக்கு மில்லே திரண்டு போனோம். அண்ணாச்சி என்ன சொல்லிவைப்பாரோ என்று எல்லோருக்கும் உள்ளூரப் பதற்றம். அவரோ புது வேட்டியில், ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து மேற்கு ஜன்னலுக்கு இழுத்துப் போய்க்கொண்டிருந்தார். என் முறை வந்தது.

"ஏலே, மலைக்காத்து! செத்த நேரம் நில்லு. எப்படி வருது பாத்தியா?"

வெளியே ஒரு தென்னங்கீற்றுகூட அசையவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஜிலுஜிலுன்னு வருது அண்ணாச்சி" என்றேன்.