கரண்ட் குடிக்கும் உணர்ச்சி

மூன்றாவது பாட்டின் நடுவில் ஆம்ப்ளிஃபயர் ஒருமுறை விக்கிவிட்டு ஊமையானது. பேருந்து நிலைய வாசலில் நின்றிருந்த ஏழெட்டுப் பேரும் ஒரே குரலில் "ச்சே" என்றார்கள்.

அந்த "ச்சே"யில், கிதார் வாசித்துக்கொண்டிருந்த துணை மேலாளருக்கு மெய்சிலிர்த்தது. ஆபீசில் அவர் பேச்சை நிறுத்தியபோது யாரும் இப்படி வருத்தப்பட்டதில்லை.

துணை மேலாளர் என்பது பழைய பதவி. கம்பெனி அந்தப் பதவியையே எடுத்துவிட்டது. அதில் உட்கார்ந்திருந்தவரையும் சேர்த்து எடுத்துவிட்டது. "கலைக்காக விட்டுட்டேன்" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். புது விசிட்டிங் கார்டில் "வீதி இசைக் கலைஞர்" என்று பொன்னெழுத்தில் அடித்திருந்தார். மனைவியின் தம்பி மட்டும் இதற்கு மசியவில்லை. தன் டைல்ஸ் கடையில் கணக்குப் பார்க்க வரச் சொல்லி, மாதக் கடைசி வரை கெடு கொடுத்திருந்தான். அதற்குள் கூட்டம் சேர்த்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மச்சினன் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும்.

கிதாரும் ஆம்ப்ளிஃபயரும் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி வாசலில் இருக்கும். பைக் பேட்டரியையும், அதன் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரையும் முதுகுக்குப் பின்னால், சாவி செய்பவரின் பெட்டிக்கடைக்குள் ஒளித்து வைத்திருந்தார். மேடையில் வயர் தெரிந்தால் கலைஞனுக்கு என்ன மரியாதை?

சாவிக்காரர் வாடகைகூடக் கேட்கவில்லை. "கலைன்னா எனக்கு உசுரு சார். உள்ள வெச்சிட்டு நீங்க வாசிங்க, நான் பாத்துக்கறேன்."

துணை மேலாளர் ஊமையான பேட்டரியைப் பேட்டரிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

"சின்ன ஆம்ப்ளிஃபயர்தானே சார்? இதுவே சாயங்காலம் பூரா தாங்கணுமே," என்றார் பேட்டரிக் கடைக்காரர். "வேற ஏதாவது மாட்டறீங்களா?"

"கிதார் மட்டும்தான். ஆனா நான் உணர்ச்சியோட வாசிக்கறேன். அது கரண்ட் குடிக்கும்."

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப கார் பேட்டரிதான் போடணும்."

மறுநாள் காலை மனைவி கார் சாவியோடு வந்து நின்றாள். "என்னங்க, வண்டி ஸ்டார்ட்டே ஆகலை. ஆபீசுக்கு நேரமாச்சு."

"பேட்டரி கலைக்குப் போயிருக்கு."

"அப்ப நான் எதுல போறது?"

"பஸ்ல போ. இசைக்கு எல்லாரும் ஏதாவது குடுக்கணும்."

"சம்பளத்தைக் குடுத்துட்டுதானே இருக்கேன். காரையும் குடுக்கணுமா?"

கார் பேட்டரி வந்த பிறகு கூட்டம் இரண்டு மடங்கானது. சுத்தமான கரண்ட், சுத்தமான ஒலி, அதைத் தேடி ரசிகர்கள். அவருக்குக் கணக்கு சரியாக இருந்தது. கிதார் உறையில் சில்லறை விழவில்லைதான். காசு போடுகிறவன் பரிதாபப்படுகிறவன், நின்று கேட்கிறவன்தான் ரசிகன். யாரும் அவர் விரல்களைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு அப்பால் எங்கோ பார்த்தபடி கண்கொட்டாமல் நின்றார்கள். நல்ல இசை ஆளை எங்கேயோ கொண்டுபோய்விடும் என்பது அவருக்குத் தெரிந்ததுதான்.

ஆனால் கார் பேட்டரியும் ஏழாவது பாட்டைத் தாண்டவில்லை.

"என்ன சார், அவ்வளவுதானா?" என்று யாரோ கத்தினார்கள். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. ரசிகர்களை இப்படிப் பட்டினி போடலாமா? காலையில் எழுந்ததும் வீட்டு இன்வெர்ட்டரின் பெரிய பேட்டரி மேல் கை வைத்தார்.

"அதைக் கழட்டாதீங்க. கரண்ட் போனா வீடே இருட்டு," என்றாள் மனைவி.

"இருட்டுல உக்காந்தாதான் மனசு தெளியும்."

"எனக்கு எப்பவோ தெளிஞ்சாச்சு. உங்களுக்குத்தான் இன்னும் தெளியலை."

பேட்டரியைச் சுமந்துவந்த கூலியாளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மேடைக்கென்றே தைத்த பேன்ட்டில் ஆசிட் சிந்தி முழங்காலில் ஓட்டை விழுந்தது. கிழிசலும் கலைஞனுக்கு அழகுதான் என்று விட்டுவிட்டார்.

மாதக் கடைசி நாள் மச்சினன் வந்தான். பேருந்து நிலைய வாசலில் நுழைய இடமில்லை. பஸ் வந்தும் சிலர் ஏறாமல் நின்றார்கள்.

"மாமா, என் கடைத் திறப்பு விழாவுக்கே இவ்வளவு பேர் வரலையே."

துணை மேலாளர் கண்ணை மூடி வாசித்தார். உச்சக்கட்டத்துக்கு ஏறும் நேரத்தில் ஆம்ப்ளிஃபயர் மறுபடி விக்கி நின்றது. "அய்யய்யோ" என்று கூட்டம் முழுவதும் அலறியது. முன்வரிசை அவரை நோக்கி நெருக்கியது. ஒரு பெண்மணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

அவர் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா மச்சான்? இவங்களை விட்டுட்டு நான் உன் கடையில டைல்ஸ் எண்ணணுமா? அந்த வேலையை வேற யாருக்காவது குடு."

மச்சினன் தலை குனிந்தான். "தப்பா நினைச்சுட்டேன் மாமா. பெரியப்பா பையன் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருக்கான். நாளைக்கே அவனை உக்கார வெச்சிடறேன். அக்காகிட்டயும் நானே சொல்லிடறேன்."

அவன் பைக் தெருமுனையில் திரும்பி மறையும்வரை துணை மேலாளர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். நெஞ்சில் கை வைத்த அந்தப் பெண்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் வந்தாள். கையெழுத்துப் போட அவர் பேனாவை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார்.

"நாளைக்கு பாட்டு மட்டும் வேணாம் சார்," என்றாள் அவள். "சாவிக்காரர்கிட்ட காசு குடுத்து அவர் கடைக்குள்ள சார்ஜ் போட்ட எங்க போனெல்லாம் பாதியிலயே நிக்குது."