நெட்டை எழுத்தில் ஒரு பல் டாக்டர்

புதுப் பெயர்ப்பலகை ஏறிய அன்று வாசலில் நின்றவர்கள் நான்கு பேர்: பல் டாக்டர், அவளுடைய பெரியப்பா, பெயின்டர், நர்ஸ். ஐந்தாவதாக நோயாளி ஒருவரும் இருந்தார் என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். இல்லை. நோயாளி இல்லாததுதான் பிரச்சினையே.

"இந்த மாசமும் யாரும் வரலேன்னா, பழைய ஆஸ்பத்திரிக்கே வேலைக்குப் போயிடறேன் பெரியப்பா."

பெரியப்பாவின் முதுகு இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது. "விட்ட வேலைக்குத் திரும்பிப் போய்க் கைகட்டி நின்னவங்க நம்ம குடும்பத்துல கிடையாது. நீ வெச்சிருந்த எழுத்து நோஞ்சான். இப்ப பாரு!"

எழுத்தை அவரே தேர்ந்தெடுத்திருந்தார். பழங்காலச் சுவரொட்டி எழுத்து. தடித்த கால், ஒடுங்கிய இடுப்பு, நுனிக்கு நுனி குளம்பு மாதிரி ஒரு கட்டை. ஒவ்வொன்றும் அவரைப் போலவே விறைப்பாக நின்றது.

பத்தே நிமிடத்தில் ஒருவர் குழந்தையோடு வந்தார். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அடுத்த காட்சி எத்தனை மணிக்கும்மா?"

"என்ன காட்சி?"

"சர்க்கஸ்தானே? யானை உண்டா?"

"பல் டாக்டர்னு போட்டிருக்கே, படிக்கலையா?"

"படிக்கணுமா? எழுத்தைப் பார்த்தாலே தெரியுதே!"

பெரியப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "யோவ், 'இது சர்க்கஸ் அன்று'ன்னு சேர்த்து எழுது."

பெயின்டர் தலையைச் சொறிந்தார். "இடமில்லைங்களே."

"நெருக்கு! நெருக்க நெருக்க நெட்டையாகும். இந்த எழுத்தோட அழகே அதானே."

நெருக்கினார். மறுநாள் எதிர்வீட்டு அம்மாள் துக்கம் விசாரிக்க வந்துவிட்டாள். "சர்க்கஸை நிறுத்திட்டீங்களாமே! யானைக்கு என்ன ஆச்சு?"

"எழுதுய்யா! 'கௌரவமான குடும்பம். மூன்று தலைமுறையாக யானை வளர்த்ததில்லை.'"

"இதுக்கு மேல நெருக்கினா எழுத்துக்கு மூச்சு முட்டுங்க."

"எங்க மானத்தைவிட அதோட மூச்சு பெருசா?"

பலகை மொட்டை மாடியைத் தொட்டது. எழுத்து வெறும் கம்பி வேலிபோல் இருந்ததால், ஒரு வரியைப் படித்து முடிக்கவே தெருமுனையிலிருந்து வாசல்வரை நடக்க வேண்டியிருந்தது. டாக்டர் பழைய ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பமே எழுதிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை, வாசலில் வரிசை. மதியத்துக்குள் இருபத்திரண்டு பேர். டாக்டர் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டாள். பெரியப்பா வாசலில் நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அவர் எழுத்துக்கு அப்படியொரு ராசி என்று தெரு முழுக்கப் பேச்சு. பக்கத்துத் துணிக்கடைக்காரர் பணிவாக வந்து நின்றார்.

"ஐயா, இந்த எழுத்தைப் பார்த்துத்தான் இத்தனை கூட்டமாமே. பெயின்டர்கிட்ட எனக்கும் அதையே எழுதச் சொல்லி விடுங்க."

பெரியப்பா தொண்டையைச் செருமினார். அதற்குள் பஞ்சு வாங்கக் கிளம்பிய நர்ஸ் நின்று சொன்னாள்:

"எழுத்தைப் பார்த்து யாரும் உள்ளே வரலைங்க. அதை அண்ணாந்து படிச்சுக்கிட்டே நடந்து, நம்ம வாசல் விளக்குக் கம்பத்துல மோதிப் பல்லை உடைச்சுக்கிட்டவங்கதான் அத்தனை பேரும்."