மூன்றாம் தரம் யாரும் கேட்கவில்லை

யாழ்ப்பாணத்தானிடம் “சாப்பிடுறியளோ?” என்று ஒரு தரம் கேட்டுவிட்டு நிறுத்துவது கொலைபாதகம். முதல் தரம் வேண்டாம் என்பான். இரண்டாம் தரமும் வேண்டாம் என்பான். மூன்றாம் தரம் கையைப் பிடித்து இழுத்தால், “சரி, உங்கடை மனம் நோகக்கூடாது” என்று உட்கார்ந்து ஒரு சட்டி சோற்றை முடிப்பான். (நான் இரண்டு சட்டி.) இந்தச் சட்டம் லண்டனில் செல்லாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. வெஸ்ட் ஈலிங்கில் இருந்த அக்கா எனக்கொரு சம்பந்தம் கொண்டுவந்தா. பெண்ணின் பெயர் சுமதி. அவளுடைய படத்தைப் பார்த்த நாளிலிருந்து, பெட்ரோலுக்குக் காசு கட்ட வந்தவர்களுக்கெல்லாம் சிகரெட்டை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தேன். கட்டினால் இவளைத்தான் என்று முடிவே செய்துவிட்டேன். அவள்தான் இன்னும் என்னைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலில் சந்திப்பு. தகப்பனும் மகளும் வருவார்கள். அக்காவுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. போனில் புத்தி சொன்னா.

“சாப்பாட்டைக் காணாதவன் மாதிரிப் பாயாதை. மூண்டு தரம் கேட்டாப் பிறகுதான் ஓம் எண்டு சொல்லவேணும். விளங்குதோ?”

விளங்கியது. அதுதான் கெடுத்தது.

கோயிலுக்கென்று விடிந்ததிலிருந்து வெறும் தேத்தண்ணியோடு இருந்தேன். மத்தியானப் பூசை முடிந்ததும் சுமதி சொன்னாள், “கிட்டடியிலை ஒரு மெக்சிக்கன் கடை இருக்கு. சைவமும் எடுக்கலாம்.” வேலைத்தோழிகளோடு அவள் வழக்கமாகப் போகும் சின்னக் கடை. பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, சுவரில் குடையளவு வைக்கோல் தொப்பி.

சுமதியின் அப்பா ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். அதிகம் பேசமாட்டார்.

“தம்பி, என்ன எடுக்கிறியள்?”

“ஒண்டும் வேண்டாம் ஐயா. வீட்டிலை வயிறுமுட்டச் சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான்.”

ஒன்று. பரிமாறும் வெள்ளைக்காரப் பெண் வந்து கேட்டாள். “நோ, நோ, தாங்க் யூ.” இரண்டு. மூன்றாவதற்கான ‘ஓம்’ தொண்டைவரை வந்து காத்திருந்தது. அவளோ சிரித்த முகத்தோடு என் கையிலிருந்த மெனுவை வாங்கிக்கொண்டு போயே போய்விட்டாள். அடிப் பாவி!

அவர்களுக்குச் சாப்பாடு வந்தது. ரொட்டிக்குள் கௌபி மாதிரி ஏதோ பயறு, மேலே உருகி வழியும் சீஸ், பக்கத்தில் சிவந்த சோறு. வறுத்த சீரகமும் கொத்தமல்லி இலையும் சேர்ந்து மணந்தன. நான் சுவரில் இருந்த தொப்பியைப் பார்த்தேன். என் வயிறு வாய்விட்டு அழுதது. அடுத்த மேசைக்காரரே திரும்பிப் பார்த்தார்.

சுமதியின் அப்பா கரண்டியை வைத்தார். “தம்பி, வயித்திலை ஏதும் வருத்தமோ?”

“சீச்சீ, இல்லை ஐயா.”

“எங்கடை சொந்தக்காரப் பொடியன் ஒருத்தனும் இப்பிடித்தான், போற இடமெல்லாம் வேண்டாம் வேண்டாம் எண்டுகொண்டு திரிஞ்சவன். பாத்தால் அல்சர்.” கதிரையைத் தள்ளி எழுந்தார். “வீட்டுக்கு ஒரு போன் எடுத்திட்டு வாறன்.”

வாசலடியில் பொதுத் தொலைபேசி இருந்தது. ‘பொடியன் நோயாளி, இது சரிவராது’ என்று மனைவியிடம் சொல்லப்போகிறார். என் கலியாணம் அந்தக் கதிரையோடு எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுமதியும் கை கழுவப் போய்விட்டாள்.

மேசையில் நானும் அவள் பாதி சாப்பிட்ட தட்டும்தான். அடுத்தவர் வாய் வைத்த தண்ணீரைக்கூடக் குடிக்காத ஆசாரசீலன் நான். ஒரு வாய்தான், யாருக்குத் தெரியப்போகிறது என்று எடுத்தேன். பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. நிமிர்ந்தபோது ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் மகள். என் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. வாயிலிருந்து சீஸ் நூல் தட்டுவரை தொங்கியது. கடித்தாலும் அறவில்லை, இழுத்தாலும் அறவில்லை. சனியன் நீண்டுகொண்டே வந்தது.

சுமதி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “அப்பா, இது அல்சர் இல்லை. பசி! திரும்பப் போய் அம்மாட்டைச் சொல்லுங்கோ.”

பிறகு என்னைப் பார்த்து, “இன்னொரு தட்டுக்குச் சொல்லட்டோ?” என்றாள். முதல் தரத்திலேயே “ஓம்” என்றேன்.

மறுநாள் அக்காவுக்குச் சம்மதம் சொல்லி அனுப்பினாளாம். “பசியையே மறைக்கத் தெரியாத மனுசன் வேறை என்னத்தை மறைக்கப்போறார்?” வேறொருத்தியென்றால் அந்தச் சீஸ் நூலோடு கதை முடிந்திருக்கும். என் மானம் போன இடத்தில் அவள் எனக்கு வாழ்க்கையைக் கொடுத்தாள். அந்த நன்றிக்கடன் ஏழு பிறப்புக்கும் தீராது.

எங்கள் கலியாணங்களில் பூதாக்கலம் என்றொரு சடங்கு உண்டு. பெண்ணும் மாப்பிள்ளையும் முதன்முதலாக ஒரே இலையில் சாப்பிடுவார்கள். எங்களுடையதில் ஐயர் இலையைக் கேட்டார். அதிகம் பேசாத அந்த மனிதர், என் மாமனார், சபை முழுக்கக் கேட்க உரத்துச் சொன்னார்:

“அது தேவையில்லை ஐயா. அதை இவை ரெண்டுபேரும் மெக்சிக்கன் கடையிலையே முடிச்சிட்டினம்.”

இப்போது எங்கள் சொந்தத்தில் எந்தக் கலியாணத்திலும் பூதாக்கலம் தொடங்கும்போது யாராவது கத்துவார்கள், “சீஸ் போட்டாச்சோ?”