ஹாரன் அண்ணன் வாயில் ஊற்றிய எண்ணெய்

பூந்தமல்லியில் ஓடும் அத்தனை வண்டிகளின் ஹாரனையும் ஒன்றாகச் சேர்த்து அழுத்தினாலும் எங்கள் ஹாரன் அண்ணனின் ஒரு கூப்பாட்டுக்கு ஈடாகாது. அவருக்கு வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். லைசென்ஸ் வைத்திருந்தாரே! ஆனால் அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா உட்பட எல்லோருக்கும் அவர் ஹாரன்தான். அவருடைய ஷேர் ஆட்டோவின் ஹாரன் கெட்டுப்போய் வருஷக்கணக்காகியும் அவர் அதை மாற்றவில்லை. தேவைப்படவில்லை.

குமணன்சாவடி சந்திப்பில் நின்று "மாங்காடு, மாங்காடு, மாங்காடேய்!" என்று அவர் ஆரம்பித்தால், பெங்களூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்கூடக் குழம்பிப்போய் ஏறிவிடுவார்கள். பாதி வழியில்தான் அவர்களுக்கு ஞாபகம் வரும். மத்தியானத் தூக்கத்திலும் கூப்பிடுவாராம். ஒருநாள் அப்படிக் கூப்பிட்டபோது பக்கத்து வீட்டுக்காரர் பையோடு வந்து வாசலில் நின்றாராம். சொன்னது ஸ்டெல்லா அக்கா.

நான் அவருக்கு நேர் எதிர். மாங்காட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் எனக்குப் பேக்கிங் வேலை. "இங்கே நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடம்வரை போய், அங்கிருந்து நடந்தே திரும்பி வருவேன். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அண்ணன் என்னைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார்.

"நீ வாயத் தொறக்காத நைனா. ஒன் ஸ்டாப்பு எனக்குத் தெரியும்."

தண்ணீர் லாரிக்கே வழிவிடாத மனிதர் அவர். பயந்தது ஒரே ஒருவருக்குத்தான்: பல் டாக்டருக்கு. வழியில் ஒரு பல் ஆஸ்பத்திரி உண்டு. ஆள் உயரத்துக்கு ஒரு பல் படம் போட்ட போர்டு. அந்தப் பல் கண்ணில் படக் கூடாது என்பதற்காகவே ஆட்டோவைச் சந்து பொந்தெல்லாம் சுற்றி ஓட்டுவார்.

"இன்னாத்துக்கு அண்ணாத்தே இப்டி சுத்துற?" என்று யாராவது கேட்டால், "மெயின் ரோடு சரியில்லப்பா" என்பார். அந்த ரோடு அதற்கு முந்தின வாரம்தான் போட்டது.

அவருடைய கடைவாய்ப் பல் ரொம்ப நாளாகச் சொத்தை. கிராம்பு வைத்து வைத்து, அவர் பேசினாலே பிரியாணி வாசனை வரும். கடைசியில் கன்னம் வீங்கிவிட்டது. "மாங்காடு" என்று கூப்பிட்டால் "ஆங்ஆடு" என்றுதான் வந்தது. சவாரியெல்லாம் பின்னால் நின்ற ஆட்டோக்களுக்குப் போனது. நாள் முழுக்கப் பாதி வண்டி காலி.

ஸ்டெல்லா அக்கா தீர்த்துச் சொன்னார்: "பல்லப் புடுங்கினு ஊட்டுக்கு வா. இல்லாங்காட்டி ஆட்டோலயே படு."

அப்போதுதான் பெங்களூரிலிருந்து வந்திருந்த அக்காவின் தம்பி ஒரு குட்டிப் பாட்டிலைக் கொடுத்தார். அது சிபிடி எண்ணெயாம். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து அவர் தனக்காக வாங்கியது. பாதி மிச்சம் இருந்தது.

"கஞ்சா செடில எடுக்கிறது மாமா. ஆனா போத ஏறாது. பல்லுக்கு நல்லது, ஈறுக்கு நல்லது, பயமும் போயிடும்னு நெட்ல போட்டுக்கீறான். நாக்குக்கு அடில சொட்டு சொட்டா உடணும்."

அண்ணன் அதை நம்பவில்லை. "கஞ்சால போத ஏறாதுன்றான். அப்ப சாராயத்துல இன்னா, சத்து ஏறுமா?" என்று என்னிடம் கேட்டார். ஆனாலும் பாட்டிலைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு, முதல்முறையாக மெயின் ரோடு வழியாகப் பல் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

எங்கள் பக்கத்தில் எண்ணெயும் வாயும் சேர்ந்தால் ஒரே ஒரு காரியம்தான்: ஒரு வாய் நல்லெண்ணெய் ஊற்றி, கொப்பளித்து, துப்புவது. சொட்டு விடுவதெல்லாம் கருமிகளின் வேலை என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டார். வாசலிலேயே பாட்டிலை அப்படியே வாயில் கவிழ்த்துவிட்டு, கன்னம் இரண்டும் உப்ப, கொப்பளித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

காத்திருக்கும் அறையில் ஒரே ஒருவர்தான் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை போட்ட போலீஸ்காரர்.

அண்ணன் சிலையாகிவிட்டார். துப்பினால் கேஸ், விழுங்கினால் போதை. இரண்டும் வேண்டாம் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அறை முழுக்கப் பச்சைப்புல் வாசனை. போலீஸ்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"இன்னாய்யா, வாயில இன்னா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். கண்ணில் அப்படியொரு கெஞ்சல். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு போலீஸ்காரரிடம், அதுவும் கேட்காத கேள்விக்கெல்லாம் சேர்த்து, நான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

"எண்ணெய் சார். மருந்து சார். மச்சான் குடுத்தது சார். போதை இல்லையாம் சார். பயத்துக்கு சார்."

பக்கத்தில் 'களுக்' என்று ஒரு சத்தம். அண்ணன் விழுங்கிவிட்டிருந்தார்.

போலீஸ்காரர் எங்கள் பக்கம் சாய்ந்தார். அப்போதுதான் கவனித்தேன், அவர் கன்னமும் வீங்கியிருந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பயத்துக்கா? மிச்சம் கீதா?"

உள்ளே போனதும் அண்ணன் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஏறிடுச்சு டாக்டரம்மா, பறந்துகினு கீறேன், கெட்டியா புடி!" என்று அலறினார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பாட்டிலை வாங்கிப் பார்த்தார். "இதுல பறக்கவெல்லாம் முடியாது சார். தூக்கம்தான் வரும். அடுத்தவங்க மருந்தை இப்படிக் குடிக்கலாமா? பல்லுக்கு இது நல்லதுன்னும் யாரும் உறுதியா சொல்லல. இன்னைக்கு நான் கை வைக்க மாட்டேன். வீக்கத்துக்கு மாத்திரை தர்றேன். அடுத்த வாரம் வாங்க. வண்டியை இங்கேயே விட்டுட்டுப் போங்க."

"பாத்தியா நைனா, எண்ண வேல செய்து! பல்லு தப்பிச்சிச்சு!" என்று கூவிக்கொண்டே வெளியே வந்தவர், வேறொரு ஆட்டோவில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் தோளில் குறட்டை விட்டார்.

அடுத்த வாரம் வராமல் நழுவிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சொன்ன நாளில் காலையிலேயே என் வீட்டு வாசலில் நின்றார். சத்தமே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"எண்ண வேணாம். நீ கூட வா. பக்கத்துல நின்னு பேசிகினே இரு."

"நான் என்னண்ணே பேசுறது?"

"இன்னாத்தயாவது பேசு. அன்னிக்குப் போலீஸ்கிட்ட பேசுன இல்ல?"

டாக்டர் ஊசி போட்டார். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். எனக்குத் தெரிந்தது தினமும் போகிற வழி ஒன்றுதான். பூந்தமல்லியில் ஆரம்பித்தேன். குமணன்சாவடி, பால் பூத், பழைய ரேஷன் கடை, மாவு மில் என்று ஸ்டாப்பு ஸ்டாப்பாக, ஏறுகிறவர் இறங்குகிறவரோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டே போனேன். மாங்காடு வருவதற்குள் பல் வந்துவிட்டது.

பஞ்சைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. வழக்கம்போல ஆட்டோவைக் குமணன்சாவடி சந்திப்பில் கொண்டுபோய் நிறுத்தினார். சனம் பார்த்துக்கொண்டே கடந்து போனது. வண்டி காலி. அவர் கூப்பிட முடியாது, வண்டியில் ஹாரனும் கிடையாது. என்னையே பார்த்தார்.

நான் இறங்கி நின்று, கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். ஆட்டோ நிரம்பியது. பெங்களூர் போக வேண்டிய ஒருவர்கூட ஏறிவிட்டார்.

இன்றைக்கும் யாராவது பெயர் கேட்டால் எனக்குக் குரல் தொண்டையைத் தாண்டாது. "மாங்காடு" என்ற ஒரு வார்த்தையை மட்டும் என்னால் மெதுவாகச் சொல்ல முடிவதில்லை.