பத்துக்குப் பத்து

தமிழ்வேந்தன் மெமோவை மூன்றாம் முறையாகப் படித்தான். காது கேளாதோர் ஒதுக்கீட்டில் பதினோரு வருஷமாக வேலை பார்க்கும் எழுத்தர், ஒரே பாட்டின் சாதாரணப் பதிவையும் ஒலித்துல்லியம் கூடிய ஹை-ரெஸ் பதிவையும் கண்ணைக் கட்டிக்கொண்டு பத்துக்குப் பத்து பிரித்துச் சொன்னது எப்படி என்று அலுவலகம் விளக்கம் கேட்டிருந்தது.

சான்றிதழ் விலைக்கு வாங்கியது. அது மனைவி சந்திரலேகாவுக்கு மட்டும் தெரியும். அப்படிப் பிரித்துச் சொன்ன வீடியோ, நண்பன் இக்பாலின் ஆடியோ கடையில் எடுத்தது. அது காரைக்கால் முழுக்கத் தெரியும்.

"காது மெஷினை மாட்டிக்கிட்டுப் போங்க," என்றாள் சந்திரலேகா.

மாட்டிக்கொண்டு போனான். அலுவலகத்தில் நாலு மேசை தள்ளி இருந்த அஞ்சுகம், பக்கத்தில் இருந்தவளிடம், "மெஷினு மூடி தொறந்து கெடக்குடி, பேட்டரியே இல்ல," என்று முணுமுணுத்தாள். இவன் சட்டென்று மூடியை அழுத்தினான். அஞ்சுகம் எழுந்து அதிகாரி அறைக்குப் போனாள்.

அதிலிருந்து எந்தச் சத்தத்துக்கும் திரும்புவதில்லை என்று முடிவு செய்தான். மறுநாள் கோவில்பத்து ரோட்டில் போகையில் பின்னால் மினி பஸ் ஹாரன் அடித்தது. அலுவலகத்து ஆள் யாராவது பார்த்தால்? நேராக நடந்தான். இடது முழங்கை முறிந்தது.

ஆம்புலன்ஸில் படுத்தபடி, "சைரன் ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கு, மாத்துங்க," என்றான். துணைக்கு ஏறியிருந்தவர் அலுவலகப் பியூன்.

விசாரணை அதிகாரி நடராசன் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் அவருக்கு மனசு இளகிவிட்டது.

"தம்பி, நானும் ரெண்டு பதிவையும் போட்டுக் கேட்டேன். ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. 'வித்தியாசம் எதுவும் கேக்கல, குருட்டாம்போக்குல சொன்னேன்'னு எழுதிக் குடுங்க. பைலை மூடிடறேன்."

'வித்தியாசம்' வரை எழுதினான். மகளின் கல்லூரிக் கட்டணம் நினைவுக்கு வந்தது. ஆனாலும் பேனா நகரவில்லை. வாழ்க்கையில் அவன் நேர்மையாகத் தேறிய ஒரே பரீட்சை அது.

"எழுதுங்க தம்பி."

"கேட்டுது சார்."

"என்னது?"

"குருட்டாம்போக்கு இல்ல சார். பத்தும் தெளிவாக் கேட்டுது. சான்றிதழ்தான் பொய். காது நிஜம்."

நடராசன் கண்ணாடியைக் கழற்றினார். "இதை நான் கேக்காத மாதிரி இருக்க முடியாதே தம்பி."

சாயங்காலத்துக்குள் பணியிடை நீக்க உத்தரவு வந்தது. நகல் ஒன்று போலீசுக்கும் போனது. சந்திரலேகா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தமிழ்வேந்தன் மட்டும் தலை நிமிர்ந்தே இருந்தான்.

கடையைப் பாதியில் சாத்திவிட்டு இக்பால் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாண்ணே? அன்னைக்கு ஹை-ரெஸ் பைலு டவுன்லோடே ஆகல. பத்துத் தடவையும் ஒரே பதிவைத்தான் போட்டேன், கடை விளம்பரமாச்சேன்னு நீங்க எதைச் சொன்னாலும் 'கரெக்ட்டு'ன்னு சொல்லிட்டேன்!"