கிரீட் தீவில் காயப்போட்ட சேலை

ஸ்ரீ மதுரகாளியம்மன் துணை

தா.பழூர்,
ஆடி 24, சனிக்கிழமை

வேப்பந்தட்டையில் இருக்கும் என் மதிப்புக்குரிய நாத்தனார் பொன்னம்மாள் அண்ணி அவர்களுக்கு, தம்பி மனைவி புவனேஸ்வரி வணங்கி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். முக்கியமாக உங்கள் தம்பி சுகம். அங்கு உங்கள் சுகமும் அண்ணன் சுகமும் புதிதாகக் கன்று போட்ட பசுவின் சுகமும் அறிய ஆவல். பத்து நாளாக என் போனை நீங்கள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

சம்பவம் நடந்தபோது அங்கே இருந்தவர்கள்: என் மகன் பூவரசன், மருமகள் ஆர்த்தி, பேத்தி மணிமொழி, உங்கள் தம்பி, நான். ஆக ஐந்து பேர். இதில் உங்கள் மகன் பிரேம்குமார் இல்லை. அவன் வேப்பந்தட்டையில் உட்கார்ந்துகொண்டு, பூவரசன் குடும்பக் குரூப்பில் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, மாமாவைக் கடலிலிருந்து தூக்கி வருகிறார்கள் என்று உங்களிடம் காட்டியிருக்கிறான். தூக்கி வந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்பது அந்த முப்பது விநாடியில் இல்லை அல்லவா.

நான் சத்தியம் மீறவில்லை அண்ணி. நீங்கள் எங்கள் பூஜை அலமாரியிலிருந்து பச்சை அட்டை போட்ட ஜாதக நோட்டை எடுத்துக்கொண்டு போய்த் திருமானூர் ஜோசியரிடம் காட்டி, ஆவணி முடிகிற வரைக்கும் தண்ணீரில் கண்டம் என்று கேட்டு வந்தீர்கள். எங்கள் வெளிநாட்டுப் பயணத்துக்கு டிக்கெட்டோ முன்பே எடுத்தாகிவிட்டது. அப்போது கற்பூரம் ஏற்றி, உங்கள் தம்பிக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் படக்கூடாது என்று அவரையும் என்னையும் சத்தியம் செய்ய வைத்தீர்கள். "புவனா, என் தம்பிய முழுசா கொண்டாந்து குடு" என்று நீங்கள் சொன்னது விமானத்தில் ஒன்பது மணி நேரமும் என் காதிலேயே இருந்தது. விமானத்தில் தண்ணீர் பாட்டில் கொடுத்தபோதுகூட அவர் கையிலிருந்து வாங்கி நானே டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன்.

நாங்கள் போன தீவின் பெயர் கிரீட், கிரீஸ் நாட்டில் இருக்கிறது. கடற்கரை என்றால் நம் பக்கம் மாதிரி மீன்வலை, படகு என்று நினைக்காதீர்கள். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் விசேஷ நாள் கூட்டம் எப்படி இருக்குமோ அப்படிக் குடும்பம் குடும்பமாக ஜனம். வரிசைக்கு நாற்பது குடை வீதம் ஒன்பது வரிசை, எல்லாம் ஒரே மாதிரி ஓலைக்குடை. ஒவ்வொரு குடைக்கும் கீழே இரண்டு சாய்வுக் கட்டில். குழந்தைகளுக்குச் சறுக்குமரம், தனிக் குளம், எந்நேரமும் பாட்டு. எங்கள் குடையின் நம்பர் 214. மறந்துவிடக் கூடாது என்று உங்கள் தம்பியின் முன்கையில் பேனாவால் எழுதிவிட்டேன். கடல் மட்டும் சொல்லக் கூடாது, அவ்வளவு தெளிவு. உள்ளே நின்றால் கால்விரலை எண்ணலாம்.

எந்தக் கடலாக இருந்தாலும் சமுத்திர ஸ்நானம் சமுத்திர ஸ்நானம்தானே. ஆர்த்தி என்னவோ நீச்சல் உடை வாங்கித் தருகிறேன் என்றாள். நான் நம் அம்மன் வழிபாட்டு மன்றத்துச் சிவப்புச் சேலையோடு கிழக்கே பார்த்து மூன்று முழுக்குப் போட்டேன். ஒன்று உங்களுக்கு, ஒன்று பிள்ளைகளுக்கு, ஒன்று உங்கள் தம்பியின் கண்டத்துக்கு. முழுகும் முன்னால் அவரைக் கட்டிலில் உட்கார வைத்து, எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லி, புளிசாத டப்பாவையும் மடியில் வைத்துவிட்டுத்தான் போனேன். டப்பா மடியில் இருந்தால் அவர் எழுந்திருக்க மாட்டார் என்பது முப்பத்துநாலு வருட அனுபவம்.

முழுகி, மறைவில் போய் வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால், ஈரச் சேலையைக் காயப்போட ஒரு கொடிக்கயிறு கிடையாது. நம் ஊரில் தீர்த்தம் ஆடினால் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாலே காய்ந்துவிடும். ஆர்த்தி பழச்சாறு வாங்கப் போயிருந்தாள், பூவரசன் போனில் ஆபீஸ் மீட்டிங் பேசிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உயரமான மரமேடை, அதில் ஒரு கம்பம், அதில் பச்சையாக ஒரு சின்னக் கொடி. ஏதோ அந்த ஊர்க் கட்சிக் கொடி என்று நினைத்தேன். குளிப்பவர்களைக் காவல் பார்க்கும் மேடைக்காரப் பையன், கால் கிழித்துக்கொண்ட ஒரு குழந்தைக்குக் கட்டுப் போடக் கீழே இறங்கியிருந்தான். நான் மேடையில் ஏறி முந்தானையைக் கம்பத்து உச்சிக் கயிற்றில் முடிந்தேன். கீழ்முனையைக் குடையில் கட்டினேன். வந்து கட்டிலைப் பார்க்கிறேன், டப்பா இருக்கிறது, காலி. அவர் இல்லை.

எண்ணினேன். பழச்சாறோடு திரும்பி வந்த ஆர்த்தியையும் சேர்த்து ஐந்தில் நாலு. மறுபடி எண்ணினேன், நாலுதான். முந்நூற்று அறுபது குடையில் எந்தக் குடைக்குக் கீழே போய் நான் தேட? வாயில் வந்தது மதுரகாளி பேர்தான். அப்போதுதான் நினைவு வந்தது, அன்றைக்குப் புதன்கிழமை. சிறுவாச்சூரில் அவள் நடை திறந்திருப்பது திங்களும் வெள்ளியும்தான், மற்ற நாளில் மலைக்குப் போய்விடுவாள். புதன்கிழமை கூப்பிட்டால் கேட்குமா என்று நான் பட்ட பயம் உங்களுக்குத்தான் புரியும். இருந்தாலும் கூப்பிட்டேன். மாவிளக்குப் போடுகிறேன், என் கையாலேயே மாவு இடிக்கிறேன், கடையில் அரைத்த மாவு இல்லை என்று வேண்டிக்கொண்டேன்.

சொல்லி வாயை மூடவில்லை, காற்று ஒன்று அடித்தது. குடையில் கட்டிய முனை அவிழ்ந்து, ஐந்தரை மீட்டர் சிவப்புச் சேலையும் கம்பத்தில் ஏறிப் படபடவென்று பறக்கிறது. உடனே தூரத்து மேடையில் ஒருவன் விசில் ஊதினான். அதைக் கேட்டு அடுத்தவன் ஊதினான். கடலில் இருந்த அத்தனை ஜனமும், கிழவர், குஞ்சு குளுவான், கைப்பிள்ளைக்காரி எல்லாம் எழுந்து கரைக்கு ஓடி வருகிறது. சிவப்புக் கொடி பறந்தால் அங்கே கடலில் யாரும் இருக்கக் கூடாதாம். எனக்கு அது தெரியுமா? ஐந்து நிமிடத்தில் கடல் காலி.

மணிமொழிதான் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அப்பத்தா, எல்லாரும் வந்துட்டாங்க. தாத்தா மட்டும் வரலையே."

அவள் கை நீட்டிய இடத்தில் நீலக் கடல் நடுவே வெள்ளையாக ஒரு புள்ளி. காற்றடைத்து மிதக்கவிடும் அவளுடைய ரப்பர் அன்னம். அன்னத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வேட்டியைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு, உங்கள் தம்பி. அண்ணி, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அத்தனை ஜனம் கடலில் இருந்தவரைக்கும் அந்த அன்னம் யார் கண்ணிலும் படவில்லை. கடல் காலியானதால்தான் பட்டது. மேடைக்காரப் பையன் மோட்டார் படகில் போய், கயிறு கட்டி, அன்னத்தோடு இழுத்து வந்தான். பிரேம்குமார் காட்டியது இந்த இடம்தான்.

கரையில் இறங்கியதும் அவர் என்னைப் பார்த்து, "முழங்காலுக்கு மேல தண்ணி படலியே புவனா, அளந்துதான் ஏறுனேன்" என்றார். முப்பது வருடம் சர்வேயராக இருந்தவர் அல்லவா, எல்லைக்குள்தான் இருந்தேன் என்று இன்றுவரைக்கும் சாதிக்கிறார். சொட்டு நனையவில்லை என்பது உண்மை. நான் தொட்டுப் பார்த்தேன்.

அந்தப் பையன் சேலையைக் காட்டி ஏதோ கேட்டான். பூவரசன் தயங்கிக்கொண்டே, "அம்மா, அப்பா தண்ணியில போறதப் பாத்துட்டுத்தான் சேலைய ஏத்துனீங்களான்னு கேக்குறாரு" என்றான். நான் தலையை ஆட்டிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். ஒரு அம்மாள் எனக்குத் தர்பூசணி கொண்டுவந்து கொடுத்தாள். காயப்போட்டேன் என்ற உண்மையை உங்கள் ஒருவருக்குத்தான் எழுதுகிறேன். புதன்கிழமையும் மதுரகாளி வருவாள் என்பது தெரிந்துபோயிற்று.

ஆகவே கண்டம் வந்தது, வந்த வழியே போயிற்று. உங்கள் தம்பியை முழுசாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை சிறுவாச்சூரில் மாவிளக்கு. நீங்கள் கட்டாயம் வர வேண்டும். முந்தின நாளே இங்கு வந்துவிட்டால் விடியலில் கொள்ளிடத்தில் இறங்கி இரண்டு பேரும் தலை முழுகிவிட்டுப் புறப்படலாம். தண்ணீர் நிறைய வருகிறது, பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. அண்ணனுக்கு என் வணக்கம், பிரேம்குமாருக்கு ஆசி, அந்த வீடியோவை அழித்துவிடச் சொல்லவும். அம்மன் உங்கள் வாசலில் காவல் இருப்பாள்.

உங்கள் அன்புள்ள,
புவனேஸ்வரி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன்னால் பூஜை அலமாரியைத் துடைத்து, என் பட்டியலை வைத்துச் சரிபார்த்தேன். உங்கள் தம்பியின் ஜாதகம் அங்கேயே இருக்கிறது. உங்கள் அப்பா இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி பச்சை அட்டை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். காணாமல் போயிருப்பது உங்களுடையது. அதைத்தான் நீங்கள் ஜோசியரிடம் காட்டியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்கள் தம்பி அன்னத்தின்மேல் ஏறியது எந்தக் கண்டத்தாலும் இல்லை, அவராகவே ஏறியது. அதை நான் வீட்டில் பேசிக்கொள்கிறேன். நீங்கள் கொள்ளிடத்துக்கு வர வேண்டாம். ஆவணி முடிகிற வரைக்கும் கிணற்றடிக்கும் போக வேண்டாம், சொம்பில் அள்ளிக் குளித்தால் போதும். மாவிளக்கை உங்கள் பேருக்கே போட்டுவிடுகிறேன். சுகமாக இருக்கிறீர்களா என்று உடனே பதில் போடுங்கள்.