மின்ட்டில் இருக்கிறதா, அந்துருண்டையில் இருக்கிறதா?

அன்பிலும் பொறுமையிலும் குறைவில்லாத மாப்பிள்ளை அவர்களுக்கு (பொறுமை இந்தக் கடிதத்துக்குக் கட்டாயம் தேவைப்படும்), மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி. அங்கே நீங்களும் என் மகளும் நிம்மதியாக இருப்பீர்கள். அந்த நிம்மதியைக் கெடுக்கத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

விஷயம் உங்கள் பழைய வீடியோ கேம் கேசட்டுகள் பற்றியது. நீங்கள் சிறிய வீட்டுக்குக் குடிமாறியபோது, கேம் மெஷினோடு சேர்த்து ஓர் அட்டைப் பெட்டியில் கட்டி எங்கள் பரணில் வைத்துவிட்டுப் போனீர்களே, அவைதான். போன வாரம் நீங்கள் போன் செய்து, “மாமா, அதுக்கெல்லாம் இப்ப தனி மார்க்கெட்டே இருக்கு. சேர்த்து வைக்கிறவங்க என்ன விலைன்னாலும் வாங்குறாங்க. ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வருவார், குடுத்துருங்க. வர்ற பணத்துல உங்க ரூமுக்கு ஏசி போட்டுரலாம்” என்றீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமனாருக்கு வியர்க்கிறதே என்று கவலைப்படுகிற மாப்பிள்ளை எத்தனை பேருக்கு வாய்க்கும்? அதை நினைத்தால்தான் மேற்கொண்டு எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

காலமெல்லாம் எடைமேடையில் லாரிகளை நிறுத்தி எடை போட்டவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பழக்கதோஷம், கேசட்டுகளைச் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஏறக்குறைய ஒரே எடை. ஒரே எடை என்றால் ஒரே விலைதானே? வாங்க வருகிறவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவர் அவற்றைக் கேசட் என்று சொல்ல மாட்டாராம், கார்ட்ரிட்ஜ்தானாம். எங்கள் ஆபீஸில் கார்ட்ரிட்ஜ் என்றால் பிரிண்டருக்குப் போடுகிற மை; உடனே ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்து, “இதுல மை தீர்ந்து போச்சு போலிருக்கே” என்றேன். மனிதர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு விளக்கினார். அந்த மஞ்சள் தொப்பிக்காரன் பாலம் தாண்டுகிற கேம் இருக்கிறதே, அது ஒன்று மட்டும் மற்ற எல்லாவற்றையும் சேர்த்த விலைக்குமேல் போகுமாம். அதன் அட்டை டப்பாவோடு இருந்தால் இன்னும் பல மடங்காம். வெறும் டப்பாவைக்கூடத் தனியாக வாங்க ஆள் இருக்கிறதாம்! லாரிக்கு விலை, சரக்குக்கு இல்லை என்கிற கணக்கை என் சர்வீஸில் நான் பார்த்ததே கிடையாது மாப்பிள்ளை.

அதோடு விட்டாரா? “சார், டப்பா மின்ட்ல இருக்கா?” என்று கேட்டார். “இல்லைங்க, அந்துருண்டையில இருக்கு” என்று உள்ளதைச் சொன்னேன். “மின்ட்ல இருந்தாத்தான் சார் முழு ரேட்டு” என்றார். இதற்கென்ன, ஒரு நடை நடந்தால் ஆயிற்று என்று கடைக்குப் போய் ஒரு பாக்கெட் பெப்பர்மின்ட் மிட்டாய் வாங்கி வந்து, அந்துருண்டையையெல்லாம் பொறுக்கி எறிந்துவிட்டு, டப்பா நிறைய மிட்டாயைக் கொட்டி மூடி வைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, மணம் கமகமவென்றுதான் இருந்தது. மறுநாள் திறந்தால் எறும்பு. எறும்பு என்றால் சாதாரண எறும்பா, எடைமேடைக்கு வெளியே லாரி நிற்கிற மாதிரி கதவுவரைக்கும் வரிசை! உங்கள் அத்தை ஈரத்துணியால் துடைத்தாள். டப்பாமேல் இருந்த தொப்பிக்காரன் படத்தின் மஞ்சள் கொஞ்சம் துணியோடு வந்துவிட்டது. மின்ட் என்றால் புத்தம் புதுசு மாதிரி என்று அர்த்தமாமே? அதை உங்கள் மனைவி, அதாவது என் மகள், அன்று சாயங்காலம்தான் போனில் சொன்னாள். முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

சரி, காயட்டும் என்று டப்பாவை, உள்ளே கேசட்டோடு, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். எங்கிருந்துதான் வந்ததோ ஒரு காற்று, அப்படியே தூக்கிக் கீழே போட்டது. கீழே பழைய பேப்பர்காரர் வண்டி. வண்டி நிறையக் காகிதக் கட்டு. அதன் மேல் போய் மெத்தென்று விழுந்தது, சத்தமே இல்லை. நான் கூப்பிடக் கூப்பிட அவர் தெருமுனை திரும்பிவிட்டார். முழங்காலோடு நான் படி இறங்குவதற்குள் வண்டி போன இடம் தெரியவில்லை. எப்பேர்ப்பட்ட பொருள், கடைசியில் எடைக்குப் போய்விட்டது! ஞாயிற்றுக்கிழமை வந்தவர் மற்ற கேசட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, துக்க வீட்டிலிருந்து போகிறவர் மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்.

ஆனால் ஒன்று மாப்பிள்ளை. நான் உங்களுக்குச் சமாதானம் சொல்லவில்லை. அந்தக் கேமில் அப்படி என்னதான் இருக்கிறது? நாலாவது பாலத்தில் மிதக்கிற கட்டைமேல் ஏறி, தவளை வாயை மூடுகிற நேரம் பார்த்துக் குதிக்க வேண்டும், அவசரப்பட்டால் முதலிலிருந்து வர வேண்டும், அவ்வளவுதானே? வாங்குகிறவர் ஓடுகிறதா என்று பார்க்கச் சொன்னதால் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு தடவைதான்.

உங்கள் பொருளைக் காப்பாற்றத் தெரியாத இந்த மாமனாரை மன்னித்துவிடுங்கள். என் மகளுக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் எடை குறையாமல், மனதில் பாரம் ஏறாமல், நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வெட்கத்தோடு,
மாமா

பின்குறிப்பு: மாப்பிள்ளை, அத்தை எழுதுறேன். கவர் ஒட்டப் பசை தேடி மாமா உள்ளே போயிருக்கார், அதுக்குள்ள எழுதிடறேன். மிட்டாய், எறும்பு, ஈரத்துணி எல்லாம் நிஜம். அதுக்கப்புறம் வர்ற மொட்டைமாடிக் கதையில ஒரு வார்த்தையும் நம்பாதீங்க. காத்தும் அடிக்கலை, பேப்பர்காரரும் வரலை. கேசட் பத்திரமா மெஷின்லயேதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை வாங்க வந்தவர் வாசல்ல நிக்கும்போதே உள்ளே அந்தக் கேமோட பாட்டு ஓடிட்டிருந்தது. “பக்கத்து வீட்டு டிவி”ன்னு கூசாம சொன்னார் உங்க மாமா. பாவம் அந்த மனுஷர், மத்த கேசட்டுக்குக் குடுத்த பணம் என்கிட்ட இருக்கு.

கோவிச்சுக்காதீங்க. ரிட்டயர் ஆனதுல இருந்து ஜன்னல்கிட்ட உட்கார்ந்துக்கிட்டு, தெருவுல போற லாரிக்கெல்லாம் தனக்குத்தானே எடை சொல்லிட்டிருந்தவர் அவர். நான் கேட்டா ஒரு வார்த்தை, கேக்கலைன்னா அதுவும் இல்லை. இப்ப தினம் சாயங்காலம் நாலு மணி ஆனா, “வா, வா, பாலம் தாண்டலாம்”னு என்னைக் கூப்பிடறார். தொப்பிக்காரன் தண்ணியில விழும்போதெல்லாம் என் கையைப் பிடிச்சுக்கிறார். கல்யாணமான புதுசுலகூட இப்படிப் பிடிச்சவர் இல்லை. அதுக்கு மார்க்கெட்ல என்ன விலைன்னு எனக்குத் தெரியாது.

ஏசி வேண்டாம் மாப்பிள்ளை. அந்தப் பணத்துல எங்கேயாவது தேடி இன்னொரு ஜாய்ஸ்டிக் வாங்கிட்டு வாங்க. இருக்கிற ஒண்ணை உங்க மாமா என் கையில தரவே மாட்டேங்கிறார், நாலாவது பாலத்தை அவருக்கு முன்னாடியே நான் தாண்டிட்டேன்னு.